கொம்பில்லாப் பொலிகாளையை வாங்கலாமா? சிறுமாடு வளர்க்கும் வண்ணாமடை நண்பருக்கு ஒரு விரிவான பதில்

பாலக்காடு மாவட்டத்து வண்ணாமடைப் பக்கம் ஏழு சிறு பசுக்கள் வைத்திருக்கும் நண்பர் ஒருவரின் கேள்வி இது. ஏழில் இரண்டு கேரளத்துக் குட்டை நாட்டினமான வெச்சூர்ப் பசுக்கள், மற்ற ஐந்தும் ஜெர்சி கலந்த குட்டை மாடுகள். தொழுவத்தில் கொம்பு முட்டல் ஓயாமல் இருப்பதாலும், வீட்டில் சிறு குழந்தைகள் இருப்பதாலும் கொம்பில்லாத கன்றுகளாகப் பிறந்தால் நல்லது என்று நினைக்கிறார். பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து மூன்று வயது மோழைக் காளை (பிறவியிலேயே கொம்பில்லாத காளை) ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. "இதைப் போட்டால் பிறப்பதெல்லாம் மோழைதான், பட்டியும் தேறிவிடும்" என்று விற்பவர் உறுதி சொல்கிறார். வாங்கலாமா என்பதே கேள்வி.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காளையின் தாயைப் பற்றிய விவரம் கிடைத்து, உடல்நலச் சோதனைகளிலும் தேறினால், கலப்பினப் பசுக்கள் ஐந்துக்கும் அதைப் பயன்படுத்தலாம். இரண்டு வெச்சூர்ப் பசுக்களிடம் அதை எந்தக் காரணத்துக்காகவும் விடக் கூடாது. அதன் முதல் மகள்கள் பருவத்துக்கு வருவதற்குள் காளை உங்கள் தொழுவத்தை விட்டுப் போய்விட வேண்டும். கொம்பில்லாமை மாட்டில் கொண்டுவருவதற்கு மிக எளிய குணம். ஒரே தலைமுறையில் வந்துவிடும். பாலும் மடியும் காலும் சினைப்பிடிப்பும் அப்படி வருவதில்லை. எளிதில் கிடைக்கும் ஒன்றுக்காக அரிதில் கிடைப்பதை விட்டுக்கொடுக்காமல் காளையைத் தேர்வது எப்படி என்பதைத்தான் கீழே விரித்து எழுதுகிறேன்.

கொம்பு முளைப்பதையும் முளைக்காததையும் தீர்மானிக்கும் மரபணு இடம் மாட்டின் முதலாம் குரோமோசோமில் இருக்கிறது. ஒவ்வொரு கன்றுக்கும் தாயிடமிருந்து ஒரு பிரதியும் தந்தையிடமிருந்து ஒரு பிரதியும் வருகின்றன. இரண்டில் ஒன்று மோழைப் பிரதியாக இருந்தாலே கொம்பு முளைக்காது. அதாவது மோழைத்தன்மை ஓங்கிய குணம். கொம்புள்ள பசு இரண்டு கொம்புப் பிரதிகளைத்தான் சுமக்கிறது, அதில் ஐயமில்லை. மோழைக் காளையைப் பொறுத்தவரை அதன் தலையைப் பார்த்து இந்த உறுதிக்கு வர முடியாது. இரட்டை மோழைப் பிரதி உள்ள காளையானால் உங்கள் ஐந்து பசுக்களுக்கும் பிறக்கும் எல்லாக் கன்றுகளும் மோழையாகவே இருக்கும். ஒற்றைப் பிரதி மட்டும் உள்ள காளையானால் சராசரியாகப் பாதிக் கன்றுகளுக்குக் கொம்பு முளைக்கும். பார்வைக்கு இரண்டு காளைகளும் ஒன்றுதான். விற்பவர் சொல்லும் "பிறப்பதெல்லாம்" என்ற சொல் முதல் வகைக்கு மட்டுமே பொருந்தும்.

எந்த வகை என்று அறிய இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, அந்தக் காளைக்கு இதுவரை பிறந்த கன்றுகளைப் பார்ப்பது. கொம்புள்ள பசுவுக்குப் பிறந்த ஒரே ஒரு கன்றுக்குக் கொம்பு முளைத்திருந்தாலும் காளை ஒற்றைப் பிரதிக்காரன் என்று முடிவாகிவிடும். கொம்புள்ள பசுக்களுக்குத் தொடர்ந்து ஏழு மோழைக் கன்றுகள் பிறந்து, ஒரு கொம்புக் கன்றுகூட இல்லையென்றால், காளை ஒற்றைப் பிரதிக்காரனாக இருந்தும் தற்செயலாக இப்படி நேர்ந்திருக்கும் வாய்ப்பு 128-இல் ஒன்றுதான். அந்த அளவில் நம்பலாம். மூன்று நான்கு கன்றுகளை மட்டும் காட்டினால் போதாது. நான்கு கன்றுகள் என்றால் தற்செயலுக்கு 16-இல் ஒரு வாய்ப்பு இருக்கிறது. பார்க்கும் கன்றுகளின் தாய்மார்கள் கொம்புள்ளவை என்பதையும் உறுதி செய்துகொள்ள வேண்டும். மோழைப் பசுவுக்குப் பிறந்த மோழைக் கன்று காளையைப் பற்றி ஏறக்குறைய எதையும் சொல்வதில்லை.

இரண்டாவது வழி மரபணுச் சோதனை. வால் முடியை வேரோடு பிடுங்கியோ இரத்தம் எடுத்தோ செய்வது. இதில் நம் பகுதி மாடுகளுக்கென்று ஒரு நுணுக்கம் இருக்கிறது. மோழைத்தன்மையை உண்டாக்கும் மரபணு மாற்றம் உலகெங்கும் ஒன்றே அல்ல. ஆங்கஸ், ஹெர்ஃபோர்டு போன்ற ஐரோப்பிய இனங்களில் காணப்படுவது கெல்டிக் வகை. 212 டி.என்.ஏ. எழுத்து நீளமுள்ள ஒரு துண்டு இரட்டித்ததால் ஏற்பட்டது. முக்கியமாக ஹோல்ஸ்டீன் இனத்தில் காணப்படும் ஃப்ரீசியன் வகையில் ஏறத்தாழ 80,000 எழுத்து நீளத் துண்டு இரட்டித்திருக்கிறது. மங்கோலிய மாடுகளில் வேறொன்று. பிரேசிலின் நெலோர் மாடுகளில் நான்காவதாக ஒன்றைக் கண்டு குவாரானி என்று பெயரிட்டிருக்கிறார்கள். நெலோர் என்பது நம் நெல்லூர்ச் சீமையின் ஓங்கோல் மாடு கடல் கடந்து போய்ப் பெருகிய இனம்தான் என்பதை நினைத்தால் இந்தச் செய்தி நமக்கு நெருக்கமானது. இதனால் வரும் சிக்கல் இதுதான்: கெல்டிக், ஃப்ரீசியன் ஆகிய இரண்டை மட்டும் தேடும் சோதனையில், வேறு வகையால் மோழையான நாட்டுக் காளை "மோழைப் பிரதி இல்லை" என்று வந்துவிடலாம். ஆகவே மாதிரி அனுப்புமுன் ஆய்வகம் எந்தெந்த வகைகளைத் தேடுகிறது என்று கேட்டுக்கொள்வது அவசியம்.

இவற்றுக்கெல்லாம் முன்னால், காளை உண்மையிலேயே பிறவி மோழையா என்று கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். கன்றுப் பருவத்தில் கொம்புக் குருத்தைச் சுட்டுவிட்ட மாட்டை மோழை என்று விற்பது சந்தையில் நடக்காத காரியமல்ல. சுட்ட மாட்டின் உச்சந்தலை கொம்புள்ள மாட்டினுடையதைப் போலவே அகன்று தட்டையாக இருக்கும். இரு காதுகளுக்கும் மேலே முடியை விலக்கினால் காசு அளவுக்கு முடி முளைக்காத தழும்பு தென்படும், விரல் வைத்தால் அந்த இடம் கெட்டியாக இருக்கும். பிறவி மோழையின் உச்சந்தலை நடுவில் குவிந்து மேடாக உயர்ந்து நிற்கும். கொம்பு இருக்க வேண்டிய இடத்தில் தோல் மென்மையாக, முடி தடையின்றிப் படர்ந்திருக்கும். பகல் வெளிச்சத்தில், தலையை இருவர் பிடித்துக்கொள்ள, இரு பக்கமும் முடியை விலக்கிப் பாருங்கள்.

இன்னொரு குழப்பமும் உண்டு. சில மோழை மாடுகளுக்குக் கொம்பு இருக்க வேண்டிய இடத்தில் சிறு குறுங்கொம்பு வளரும். அது மண்டையோட்டில் பொருந்தாமல் தோலில் மட்டும் ஒட்டியிருப்பதால் பிடித்து அசைத்தால் ஆடும். அதைக் கண்டு மோழை இல்லை என்று ஒதுக்கிவிட வேண்டியதில்லை. அது வேறொரு மரபணுவின் வேலை. காளைகளில் அதன் ஒரு பிரதி இருந்தாலே வெளிப்படும், பசுக்களில் இரண்டு பிரதிகளும் இருந்தால்தான் வெளிப்படும். ஒற்றை மோழைப் பிரதி உள்ள காளைகளில்தான் இந்தக் குறுங்கொம்பை அதிகம் பார்க்கலாம். எனவே ஆடும் குறுங்கொம்புள்ள காளையை இரட்டைப் பிரதி என்று யாரேனும் சொன்னால் கன்றுகளைப் பார்க்காமல் ஒப்புக்கொள்ளக் கூடாது.

இனி வெச்சூர்ப் பசுக்களைப் பற்றி. கோட்டயம் மாவட்டத்தில் வைக்கத்துக்கு அருகிலுள்ள வெச்சூரின் பெயர் தாங்கிய அந்த இனம் அழிவின் விளிம்புக்குப் போய் மீண்டது. 1961-இல் வந்த கேரளக் கால்நடை மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ் நாட்டுக் காளைகள் ஊர் ஊராகக் காயடிக்கப்பட்டன. மறுபக்கம் மூணாறுக்கு அருகிலுள்ள மாட்டுப்பட்டி என்ற ஊரில் இந்திய-சுவிஸ் திட்டம் தொடங்கி, பிரவுன் சுவிஸ் கலப்பிலிருந்து சுனந்தினி என்ற கலப்பினம் உருவானது. பால் பெருகியது, குட்டை நாட்டு மாடு கண்ணிலிருந்து மறைந்தது. 1989-இல் திருச்சூரை அடுத்த மண்ணுத்தியின் கால்நடை மருத்துவக் கல்லூரியில் பேராசிரியர் சோசம்மா ஐப்பும் அவருடைய மாணவர்களும் ஊர் ஊராகத் தேடிச் சேர்த்த சில மாடுகளிலிருந்துதான் இன்றைய வெச்சூர்ப் பட்டிகள் வந்தன. அப்படி மீண்ட இனத்தின் பசு ஒன்று உங்கள் தொழுவத்தில் ஈனும் ஒவ்வொரு கலப்புக் கன்றும் அந்த இனத்துக்கு இல்லாமல் போன ஒரு கன்று. சுமார் 130 கிலோ எடையுள்ள அந்தப் பசுவின் கொம்பு சிறியது. அது முட்டி ஆபத்து வருமென்று அஞ்சுவதைவிட, கழுத்துக் கயிற்றைச் சற்றுக் குறுக்கிக் கட்டுவதும் தீவனத் தொட்டியில் இடைத்தடுப்பு வைப்பதும் எளிது. அந்த இரண்டுக்கும் வெச்சூர் உறைவிந்தையே கேட்டு வாங்கிப் போடுங்கள். ஆந்திரத்தில் பலமநேர், புங்கனூர்ப் பகுதிகளில் புங்கனூர் என்ற குட்டை இன மாடு வைத்திருக்கும் நம்மவர்களுக்கும் இதையே சொல்வேன். அந்த இனத்தைக் காக்கப் பலமநேரில் அரசு ஆராய்ச்சி நிலையமே இயங்குகிறது. மோழைக் குணத்துக்காக வெளிக் காளையைக் கொண்டுவந்து அந்த உழைப்பைக் கரைக்க வேண்டாம்.

குட்டை மாட்டை இன்னும் குட்டையாக்கும் ஆசை இப்போது பரவி வருவதால் அதையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது. 2024 ஜனவரியில் பிரதமர் மோடி தம் இல்லத்தில் புங்கனூர் மாடுகளுக்குத் தீவனம் கொடுக்கும் படங்கள் வெளிவந்த பிறகு, உயரம் குறையக் குறைய விலை ஏறுகிறது. அயர்லாந்தின் டெக்ஸ்டர் என்ற குட்டை இனம் இதற்கு நல்ல பாடம். அதில் குட்டைக் கால்களைத் தரும் ஒரு மரபணு ஒற்றைப் பிரதியாக இருந்தால் மாடு அழகாகக் குட்டையாக இருக்கும். குட்டைக் காலுள்ள இரண்டை இணைத்தால் கன்றுகளில் நாலில் ஒன்று இரட்டைப் பிரதி பெற்று, உருக்குலைந்து, பிறக்கும் முன்பே செத்து விழும். நம் இனங்களின் சிறுமை அந்த ஒற்றை மரபணுவால் வந்ததென்று நான் சொல்லவில்லை. ஒரே ஒரு அளவை மட்டும் குறிவைத்து மேலும் மேலும் தேர்ந்தெடுத்தால் கூடவே என்ன வருகிறது என்பதைக் கன்று விழுந்த பிறகுதான் அறிய முடியும். மோழையை மட்டும் குறிவைத்தாலும் இதே நிலைதான்.

இப்போது பட்டி தேறுவது என்ற பேச்சுக்கு வருகிறேன். விற்பவர் மிகச் சுலபமாகச் சொல்லிவிட்டுப் போனது இதைத்தான். காளை பால் தருவதில்லை. அது கடத்தும் பாலின் அளவை அதன் தாயையும் மகள்களையும் பார்த்தே ஊகிக்க முடியும். ஒரே மாதிரித் தீவனம் தின்னும் பசுக்களுக்கு இடையே பால் அளவில் காணும் வேறுபாட்டில் ஏறத்தாழக் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரைதான் கன்றுக்குக் கடத்தப்படும் மரபுக் காரணத்தால் வருவது. மற்றது தீவனம், பராமரிப்பு, பருவம் ஆகியவற்றால் வருவது. சினை பிடிக்கும் திறனில் மரபின் பங்கு பத்து சதவீதத்துக்கும் குறைவு. ஆகவே "தாய் ஒரு நாளைக்கு இத்தனை லிட்டர் கறந்தது" என்ற ஒற்றைச் சொல்லை வைத்துக் காளையை மதிப்பிட முடியாது. அந்தப் பால் எந்த ஈத்தில், கன்று போட்டு எத்தனையாவது மாதத்தில், எந்தத் தீவனத்தில் கறந்தது என்று கேட்க வேண்டும். தாய் உயிரோடு இருந்தால் அவசியம் போய்ப் பாருங்கள். மடி அடிவயிற்றோடு ஒட்டி இருக்கிறதா, நான்கு காம்பும் சமமா, பின்னங்கால் குளம்பு நேராக ஊன்றுகிறதா, ஈத்துக்கு ஈத்து இடைவெளி எவ்வளவு ஆகிய நான்கும் லிட்டர் கணக்கைவிட எனக்கு அதிகம் சொல்லும். மூன்று நான்கு ஈத்து போட்டும் மடி தொங்காத, பதிமூன்று பதினான்கு மாதத்துக்கு ஒரு கன்று தந்துகொண்டிருக்கும் சாதாரணக் கறவைப் பசுவின் மகனை, முதல் ஈத்தில் ஏராளமாகக் கறந்து பிறகு சினையே பிடிக்காமல் போன பசுவின் மகனுக்கு மேலாக வைப்பேன்.

உங்கள் பசுக்களில் எது நல்லது என்பது முதலில் உங்களுக்கே எழுத்தில் தெரிய வேண்டும். சொசைட்டியில் ஊற்றும் மொத்தப் பாலின் கணக்கு இதற்கு உதவாது. மாதத்தில் ஒரு நாள் குறித்துக்கொண்டு, அன்று காலையும் மாலையும் ஒவ்வொரு பசுவின் பாலையும் தனித்தனியாக அளந்து நோட்டில் எழுதுங்கள். கன்று போட்ட தேதி, பருவத்துக்கு வந்த தேதி, சினை ஊசி போட்ட தேதி, காளை எண் ஆகியவற்றையும் அதே பக்கத்தில் எழுதுங்கள். எடை மேடை இல்லாவிட்டால் மார்புச் சுற்றளவை அங்குலத்தில் அளந்து, அதை அதே எண்ணால் பெருக்கி, தோள்முனையிலிருந்து பிட்ட எலும்பு வரையுள்ள நீளத்தாலும் பெருக்கி, 660-ஆல் வகுத்தால் ஏறத்தாழக் கிலோ கணக்கில் எடை கிடைக்கும். இரண்டு ஆண்டு எழுதினாலே எந்தப் பசுவின் கிடாரியை நிறுத்துவது, எதை விற்பது என்ற முடிவு தானாகத் தெளிவாகும். கொம்போடு பிறந்தது என்பதற்காக நல்ல பசுவின் கிடாரியை விற்று, மோழை என்பதற்காக மட்டமான பசுவின் கிடாரியை நிறுத்துவதுதான் இந்த முயற்சியில் அடிக்கடி நடக்கும் நட்டம்.

காளையின் உடல் அளவையும் பசுக்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். குட்டைப் பசுவுக்குப் பெரிய காளையின் கன்று என்றால் ஈனும்போது கன்று சிக்கிக்கொள்ளும். தலை ஈற்றுக் கிடாரிகளுக்கு இது உயிர் ஆபத்து. ஜெர்சி வழி வந்த மோழைக் காளை உங்கள் ஐந்துக்கும் தாங்கும். எச்.எஃப். (ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன்) என்ற பெரிய இனத்தின் வழி வந்த காளை என்றால் வேண்டாம் என்றே சொல்வேன்.

அடுத்தது இரத்த நெருக்கம், அதாவது உறவுள்ள மாடுகள் கூடுவதால் வருவது. சிறு பட்டிக்காரர்கள் மோழையைத் தேடிப் போய் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். ஒற்றைப் பிரதிக் காளையைப் போட்டுப் பாதிக் கன்றுகள் மோழையாக வந்ததும், எல்லாவற்றையும் இரட்டைப் பிரதியாக்கும் ஆசையில் அந்த மோழைக் கிடாரிகளையே அதே காளைக்கு விடுகிறார்கள். அப்படிச் செய்தால் நாலில் ஒரு கன்று இரட்டைப் பிரதியாக வரும் என்பது உண்மைதான். தகப்பனும் மகளும் கூடிப் பிறக்கும் கன்றின் நெருக்க அளவு 25 சதவீதம் என்பதும் உண்மை. பலவீனக் கன்று, சினை தங்காமை, வளர்ச்சிக் குறைவு என்று அதன் விலையைப் பல ஆண்டுகள் கொடுக்க வேண்டியிருக்கும். உறவில்லாத இன்னொரு மோழைக் காளையை அந்த மகள்களுக்குப் பயன்படுத்தினால் அதே இரட்டைப் பிரதி இந்தக் கேடு இல்லாமல் கிடைக்கும். இரண்டாவது மோழைக் காளை கிடைக்கவில்லையென்றால் நல்ல கொம்புக் காளையைப் போடுங்கள். பாதிக் கன்றுகள் மோழையாக வந்துகொண்டுதான் இருக்கும்.

இதைத் தனியொரு வீடு செய்வதைவிட நான்கைந்து வீடுகள் சேர்ந்து செய்வது எவ்வளவு நல்லது என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. இருபது பசுக்களுக்கு ஒரே காளை என்றால் தலைமுறைக்கு ஏறத்தாழ 13 சதவீதம் இரத்த நெருக்கம் கூடும். அதே இருபது பசுக்களுக்கு நான்கு காளைகள் என்றால் அது 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடும். பசுக்களின் எண்ணிக்கையைக் கூட்டுவதால் வரும் பயன் சொற்பம். காளைகளின் எண்ணிக்கைதான் கணக்கை மாற்றுகிறது. கொழிஞ்சாம்பாறை வட்டாரத்தில் வீட்டுக்கு வீடு மாடு இருக்கிறது. உங்கள் காளையை அதன் முதல் மகள்கள் பருவத்துக்கு வரும் முன்பே அடுத்த ஊர்க்காரருக்குக் கொடுத்து, அவருடையதை நீங்கள் எடுத்துக்கொள்ளும் ஏற்பாட்டை வாங்கும்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக் கைமாறும் காளை நோயையும் வீடு வீடாகக் கொண்டுபோகக் கூடும் என்பதால் சோதனை கட்டாயம். புருசெல்லா, காசநோய் ஆகிய இரண்டையும் கால்நடை மருத்துவரைக் கொண்டு பார்க்காமல் பணத்தைக் கொடுக்காதீர்கள். புருசெல்லா பசுவுக்குக் கருச்சிதைவையும் மனிதருக்கு விடாத காய்ச்சலையும் தருவது. நஞ்சுக்கொடியைக் கையால் தொடுகிற வீட்டுப் பெண்களுக்கும் பச்சைப் பால் குடிக்கும் குழந்தைகளுக்கும் அது நேரடி ஆபத்து. அதற்கான தடுப்பூசி நான்கு முதல் எட்டு மாதக் கிடாரிக் கன்றுகளுக்குத்தான், காளைக்கு இல்லை. மோழைக் காளைகளில் மட்டும் தனியாகக் கவனிக்க வேண்டிய இன்னொன்று உறைத்தோல். கொம்பில்லாத காளைகளில் ஆண்குறி உறையை உள்ளே இழுக்கும் தசை வளர்ச்சி குறைந்திருப்பது அறியப்பட்ட செய்தி. அதனால் உள்தோல் வெளியே பிதுங்கித் தொங்கும், முள்ளிலும் சகதியிலும் பட்டுப் புண்ணாகும். காளை படுத்து எழும்போதும் மூத்திரம் பெய்யும்போதும் சற்று நேரம் நின்று பாருங்கள். சிவந்த தோல் வெளியே தெரிந்துகொண்டே இருந்தால் அந்தக் காளை வேண்டாம். விதைகள் இரண்டும் சமமாக, கெட்டியாக, அசைத்தால் பையில் தடையின்றி நகர வேண்டும்.

காளையே வாங்காமல் சினை ஊசியால் மோழையைக் கொண்டுவர முடியாதா என்றும் நீங்கள் யோசிக்க வேண்டும். ஐந்து பசுக்களுக்காக ஒரு காளைக்குத் தீவனம் போடுவது கட்டுபடியாகும் காரியமல்ல. வெளிநாட்டு ஜெர்சி, ஹோல்ஸ்டீன் காளைப் பட்டியல்களில் மோழைக் காளைகளின் பெயருக்குப் பின்னால் பி என்றோ பிபி என்றோ எழுத்து சேர்த்திருப்பார்கள். பி ஒற்றைப் பிரதி, பிபி இரட்டை. உங்கள் சினை ஊசி சென்டரில் ஊசி போடுபவரிடம் மோழைக் காளையின் உறைவிந்துக் குச்சி கிடைக்குமா என்று எழுதியே கேளுங்கள். கேட்பவர் இருந்தால்தான் தருவிப்பார்கள். கிடைக்காவிட்டால், மகள்களின் பால் பதிவைக் கொண்டு தரம் பார்த்த காளையின் விந்தையே போட்டுக்கொண்டு, மோழையைப் பிறகு பார்த்துக்கொள்வதில் நட்டமொன்றும் இல்லை. அமெரிக்காவில் 2015-இல் மரபணுவையே திருத்தி இரண்டு மோழை ஹோல்ஸ்டீன் கன்றுகளைப் பிறப்பித்தார்கள். திருத்தத்துக்குப் பயன்படுத்திய பாக்டீரியத் துண்டு அவற்றின் மரபில் ஒட்டிக்கொண்டிருந்ததை 2019-இல் அந்நாட்டு அரசு ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். நமக்குத் தேவையானது சாதாரண இணைசேர்ப்பிலேயே கிடைக்கும்போது அந்தப் பக்கம் பார்க்க வேண்டிய தேவை இல்லை.

எப்படிச் செய்தாலும் சில ஆண்டுகளுக்குக் கொம்புக் கன்றுகளும் பிறக்கத்தான் செய்யும். இந்த ஐப்பசியில் சினையாகும் பசு ஆடியில் கன்று போடும். கன்று பிறந்து ஒரு வாரம் பத்து நாளில், காதுக்கு மேலே முடிச்சுழி தெரியும் இடத்தில் விரல் நுனியை வைத்து மெல்ல உருட்டுங்கள். கொம்பு முளைக்கப் போகும் கன்று என்றால் பாசிப்பயறு போன்ற சிறு மொட்டு தோலோடு சேர்ந்து நகரும். நகரும் வரைதான் அது மண்டையோட்டோடு சேரவில்லை என்று பொருள்; இரண்டு மாதம் தாண்டினால் எலும்போடு ஒன்றிவிடும், அதன் பிறகு அறுப்பது பெரிய காயம். ஆகவே மூன்று நான்கு வாரத்துக்குள் கால்நடை மருத்துவரை அழைத்து, கண்ணுக்கும் மொட்டுக்கும் இடையே ஓடும் நரம்பில் மரத்துப்போகும் ஊசி போட்ட பிறகே சூட்டுக்கோல் வைக்கச் சொல்லுங்கள். ஊசி இல்லாமல் சுடுவதற்கு எக்காரணம் கொண்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள். சுட்ட கன்றின் பெயருக்கு எதிரே "கொம்புக் கன்று, சுட்டது" என்று தேதியோடு நோட்டில் எழுதிவிடுங்கள். இரண்டு ஆண்டு கழித்து அதை வாங்க வருபவர் தலையைப் பார்த்து மோழை என்று எண்ணினால், அந்தப் பக்கத்தை எடுத்துக் காட்ட வேண்டியது உங்கள் பொறுப்பு.